மிளகுக்குப் பொறை கிடையாது

பிப்ரவரி 3, திங்கள்

உரக்கடையில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. அட்டையில் ஒரு தக்காளி படம். எழுதச் சொன்னது மதுரை ஆஸ்பத்திரி நர்ஸ். மூக்குக் குழாயில் எதை, எப்போது ஊற்றினோம் என்று குறித்து வைக்க வேண்டுமாம். சரி. காலை ஆறு, பால். எட்டரை, வடிகட்டிய கேப்பைக் கஞ்சி. பதினொன்று, ஆரஞ்சுச் சாறு. இதை எழுதிய பிறகும் பக்கத்தில் பாதி இடம் வெறுமனே கிடக்கிறது. காகிதத்தை ஏன் வீணாக்குவது என்றுதான் மேற்கொண்டு எழுதுகிறேன். வீட்டில் பேச ஆளில்லை என்பதற்காக அல்ல.

இவருக்குக் குரல்வளையை எடுத்து மூன்று வாரம் ஆகிறது. கழுத்தில் வைத்த துளை வழியாகத்தான் மூச்சு. உள்ளே தைத்த இடம் ஆறும்வரை வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படக்கூடாது. இந்தச் சரிவில் நின்று இவர் ஒரு குரல் கொடுத்தால் எதிர்ச்சரிவில் காப்பிப் பழம் பறிக்கிற பெண்கள் கூடையை இறக்கி வைப்பார்கள். அந்தத் தொண்டை.

கட்டிலோரம் ஒரு எவர்சில்வர் டம்ளரும் ஸ்பூனும் வைத்தேன். "ஏதாச்சும் வேணும்னா தட்டுங்க, ஓடியாந்துர்றேன்" என்றேன். டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சிலேட்டும் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அதில் இதுவரை எழுதிய ஒரே சொல் 'வேண்டாம்'. அழித்துவிட்டு மறுபடி எழுதுகிற சிரமம்கூட இல்லை, அதையே தூக்கிக் காட்டுகிறார்.

பக்கத்துத் தோட்டத்து அமலக்கா வீட்டு நாய் குட்டி போட்டிருந்தது. ஒன்றை எடுத்து வந்தேன். கன்னங்கரேல். மிளகு என்று பேர் வைத்தாயிற்று. காவலுக்கு ஒரு நாய் வேண்டும், அவ்வளவுதான். "அதப் பாக்கவாச்சும் அண்ணே எந்திரிச்சு உக்காருவாரு சௌந்தரம்" என்றாள் அமலக்கா. நான் அப்படியெல்லாம் நினைத்து வாங்கவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். மிளகுக்கு வேளைக்குச் சோறு உண்டு, பின்கட்டில், அதன் தட்டில். மற்றபடி பழக்குகிறேன் பேர்வழி என்று யாரும் கையால் ஒரு துணுக்குக் கொடுக்கக் கூடாது. பொறை கூடாது, பிஸ்கட் கூடாது, முறுக்குத் தூள் கூடாது. காட்டுப் பன்றிக்கு உருண்டைக்குள் வெடி வைத்துப் போடுகிறார்கள். போன வருஷம் எங்கள் பழைய நாய் கட்டையன் அதைக் கடித்துத்தான் செத்தது. கைத்தீனிக்குப் பழகின நாய் தரையில் கிடப்பதையும் வாயில் போடும்.

காரணத்தை எல்லோருக்கும் சொல்லிவிட்டேன். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள், அமலக்காவைத் தவிர.

"வெடிக்குப் பயந்து பொறை குடுக்க மாட்ட, சரி. ஒன் வீட்டுல தாளிக்கிற வாசமே வர மாட்டேங்குதே, அதுவும் வெடிக்குப் பயந்தா?"

அவளுக்கு என் அடுப்பைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது.

பிப்ரவரி 6, வியாழன்

என் செருப்பில் ஒன்று போச்சு. இடது கால்.

பிப்ரவரி 8, சனி

மிளகுக்கு ஊசி போடக் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா சின்னப் பெண். தீனி இல்லாமல் பழக்க முடியுமா என்று கேட்டேன். சிரித்தாள்.

"ஏன் முடியாது? அதுக்குச் சாப்பாடு மட்டுமா பிடிக்கும்? ஓடப் பிடிக்கும், எதையாச்சும் கவ்வி இழுக்கப் பிடிக்கும், கதவு தொறந்தாப் பிடிக்கும், காதுக்குப் பின்னாடி சொரிஞ்சாப் பிடிக்கும். நீங்க சொன்னதச் செஞ்சா ஒடனே அதுல ஒண்ணு கிடைக்கணும். அவ்வளவுதாங்கம்மா."

வாசல்வரை போன என்னைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னாள். "கூப்பிட்டு வந்ததும் அதுக்குப் பிடிக்காத காரியத்தச் செஞ்சிராதீங்க. அப்புறம் கூப்பிட்டா வராது."

அதென்ன, கூப்பிட்டால் வராமல். என் வீட்டுச் சோறு தின்கிறது.

பிப்ரவரி 12, புதன்

டாக்டரம்மா சொன்னது பலிக்கிறது. கதவருகே உட்கார்ந்தால்தான் கதவு திறக்கும். குதித்தால் மூடிவிடுவேன். ஒரு காலைப் பொழுது முழுக்க நானும் அதுவும் கதவை வைத்துக்கொண்டு மல்லுக்கு நின்றோம். கடைசியில் அது பொத்தென்று உட்கார்ந்து, என் முகத்தைப் பார்த்தது. திறந்தேன். வெளியே பனி. அதற்குள் ஓடி மறைந்து, அதிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தது. உடம்பில்லாத ஒரு கறுப்புத் தலை, இரண்டு கண். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த சத்தம் வீட்டுக்குள் கேட்டிருக்குமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

மத்தியானம் சாப்பிட்டேன். மிளகு விறகுக் கொட்டகைவரை பின்னாலேயே வந்தது. நான் சாப்பிடுவதைப் பார்க்காமல் மறுபக்கம் பார்த்துப் படுத்துக்கொண்டது. நல்ல வளர்ப்பு.

இவருக்கு ஒரு மணிக்குக் கஞ்சி. முகம் சுவர்ப் பக்கம்.

பிப்ரவரி 17, திங்கள்

வந்துவிட்டது. களத்துமேட்டில் நின்று "மிளகூ" என்று ஒரு குரல் விட்டேன். கீழே பலா மரத்தடியிலிருந்து காது இரண்டும் பறக்க ஓடிவந்தது. ஒரு பொறை இல்லை, ஒன்றுமில்லை. வந்ததும் துண்டை நீட்டினேன், கவ்வி இழுத்து, உறுமி, புரண்டு, ஒரே ஆட்டம். அப்புறம் தூணில் கட்டிவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். மறுபடி கூப்பிட்டேன், வந்தது, கட்டினேன். என் குரலும் இந்த மலைக்குக் கேட்கும் என்று இன்றுதான் தெரிந்தது.

திரும்பிப் பார்த்தால் இவர் அறை ஜன்னல் சாத்தியிருந்தது. காற்றில் சாத்தியிருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காற்றே இல்லை நேற்று.

பிப்ரவரி 19, புதன்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

காலையில் மிளகை உள்ளே கூட்டிப் போனேன். "பாருங்க, எப்பிடிப் பழக்கியிருக்கேன்னு. நீங்களும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் நாக்கை நானே கடித்தேன். இவர் பழைய ஞாபகத்தில் வாயைத் திறந்துவிட்டார். உதடு 'மிளகூ' என்று குவிந்தது. கழுத்துத் துளையில் உஸ்ஸென்று காற்று வந்தது, அவ்வளவுதான். குட்டி இவரைப் பார்த்தது, தலையைச் சாய்த்தது, பிறகு குரல் எங்கிருந்து வரப்போகிறதோ என்று வாசலைப் பார்த்தது.

தீனி கண்ணில் பட்டால் இவருக்கு வருத்தம் என்று அதை ஒளித்து ஒளித்து வைத்தவள், குரலை மறந்துவிட்டேன். எது இவரிடம் இல்லையோ அதற்கே நாயைப் பழக்கியிருக்கிறேன், அதுவும் இவர் காதில் விழ, தினமும். என்னைப் போல ஒரு மடச்சி உண்டா.

வெடிக்காகத்தான் தீனி வைக்கவில்லை என்று முன்னே எழுதியிருக்கிறேன். அதுவும் உண்மைதான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

மதுரை போய் வந்தோம். உள்காயம் ஆறவில்லை. இன்னும் ஒன்றரை மாதம் குழாய்தானாம். "எந்திரிச்சு நடக்கச் சொல்லுங்கம்மா. படுத்தே கிடந்தா நெஞ்சுல சளி கட்டும், அப்புறம் எங்க கையில இல்ல" என்றார் டாக்டர். இவர் காதுபடவே சொன்னார். இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொன்றும் சொன்னார். மூக்கு வழியாக மூச்சுப் போகாததால் இவருக்கு வாசனையே தெரியாதாம். ஒரு மாதமாக நான் தாளிக்காமல் பச்சையாகக் கொதிக்கவைத்துச் சாப்பிட்டதெல்லாம் யாருக்காக என்று தெரியவில்லை. இருந்தாலும் இன்று வந்து தாளிக்கக் கை வரவில்லை.

பஸ்ஸில் மலையேறும்போது இவர் என் தோளில் தூங்கிவிட்டார். கொண்டை ஊசி வளைவுகளில் மேகம் ஜன்னல் வழியாக வந்து மடியில் உட்கார்ந்து போயிற்று. இறங்காமல் இப்படியே போய்க்கொண்டிருந்தால் என்ன என்று தோன்றியது. நானும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

மார்ச் 4, செவ்வாய்

மிளகுக்குத் திமிர் பிடித்துவிட்டது. தூணில் கட்டிவிட்டுப் போகிறேன், திரும்பி வந்தால் கயிறு அவிழ்ந்து கிடக்கிறது. அறுபடவில்லை, அவிழ்ந்து கிடக்கிறது. நாய்க்குக் கையில்லை. அமலக்காவுக்கு இருக்கிறது.

மார்ச் 6, வியாழன்

கூப்பிட்டால் உடனே வருவதில்லை. மெதுவாக, யோசித்து, ஏதோ எனக்குத் தயவு செய்கிற மாதிரி வருகிறது. உடம்பெல்லாம் கதகதவென்று இருக்கிறது, வெயிலே இல்லாத நாளில். முகர்ந்தால் ஆஸ்பத்திரி மருந்து வாசனை. அமலக்கா வீட்டில் டெட்டால் ஊற்றித்தான் தரை துடைப்பார்கள்.

இவருடைய தேங்காய்ப்பூத் துண்டு ஓரமெல்லாம் கிழிந்திருக்கிறது. எலி. பொறி வைக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அமலக்கா வீட்டுக்கே போய்விட்டேன். அவள் அப்போதுதான் கோயிலுக்குப் போய்விட்டு வந்து முக்காட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க்கா, நான் கட்டிப்போட்டுப் போற நாய அவுத்துட்டுப் போயிப் பொறை போடறீங்களே, இது ஒங்களுக்கே நல்லாயிருக்கா?"

"நானா? மாதா சத்தியமா நான் ஒன் களத்துமேட்டுப் பக்கமே வரல."

"அப்ப கயிறு தானா அவுந்துச்சா?"

"ஒன் வீட்டுக் கயித்தக் கேளு. போயி நல்லாத் தேடிப் பாரு, வீட்டுல வேற ஆளே இல்லையா?"

"இருக்கறவரு எந்திரிச்சா நான் ஏன் ஒங்ககிட்ட வர்றேன்?" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். சத்தியம் வேறு பண்ணுகிறாள். இனி அவளோடு பேச்சு இல்லை.

மார்ச் 14, வெள்ளி

கொடியில் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் அசதி. கொடி படர்ந்த வெள்ளோக்கு மரத்தடியில் சாக்கை விரித்துச் சாய்ந்தேன். இலைக்கு இலை வெளிச்சம் கைமாறிக்கொண்டிருந்தது. தூங்கினேனா விழித்திருந்தேனா தெரியாது. கனவில் மலை முழுக்க இவர் குரல். ஆனால் ஆளைக் கூப்பிடுகிற குரல் இல்லை. சும்மா, மழை பெய்கிற மாதிரி, எல்லா இடத்திலும் இருந்தது. நான் குடை இல்லாமல் அதில் நடந்துகொண்டிருந்தேன். நனைகிறோமே என்று கவலையும் இல்லை.

அதற்கிடையில் எங்கோ கிண் கிண், கிண் கிண் என்று சத்தம். கீழ்த்தோட்டத்துச் சுமைக்குதிரை மணி. காப்பி மூட்டையெல்லாம் இறங்கி முடிந்த மாசத்தில் குதிரை எதற்கு வருகிறது என்று நினைத்தபடியே மறுபடி கண்ணசந்தேன்.

மார்ச் 17, திங்கள்

இன்றும் குதிரை மணி. எலிப்பொறியில் ஒன்றும் விழவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

நல்ல மழை. காப்பிச் செடி இதற்குத்தான் காத்திருந்தது.

மார்ச் 27, வியாழன்

பூத்துவிட்டது. ராத்திரியோடு ராத்திரியாகச் சரிவு முழுக்க வெள்ளை. மல்லிகைக் கடைக்குள் குடியிருக்கிற மாதிரி வாசனை, மூச்சு முட்டுகிறது. தேனீக்கள் இரையும் சத்தத்தில் மலையே ஏதோ முனகிக்கொண்டிருப்பதுபோல் இருக்கிறது. வருஷா வருஷம் இந்த நாளில் இவர் தோட்டத்துக்குள் போய் நெஞ்சு நிறைய ஒரு மூச்சு இழுத்து, "போதும்டி சௌந்தரம், இந்த வருசம் பொழைச்சோம்" என்பார்.

ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய் ஜன்னலில் வைத்தேன். இவருக்கு வாசனை தெரியாது என்பது வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எடுக்கப் போனேன். கையை நீட்டித் தடுத்தார். அதற்குள் மிளகு எப்படியோ உள்ளே வந்து, பூவுக்குள் மூக்கை விட்டு, அடுக்கடுக்காகத் தும்மியது. இவர் தோள் இரண்டும் குலுங்கின. மூச்சுத் திணறுகிறதோ என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். இல்லை, சிரிப்பு. சத்தம் இல்லாவிட்டால் சிரிப்பும் மூச்சுத் திணறலும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கின்றன.

நாய்க்கு அந்த அறைக்கு வழி எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை.

கீழ்த்தோட்டத்தில் பன்றிக்கு வெடி வைத்திருக்கிறார்களாம். உரக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

மார்ச் 28, வெள்ளி

கோணல்மாணலாகத்தான் வரும் எழுத்து.

காலையில் அடை மூட்டமாகப் பனி. நீட்டிய கை தெரியவில்லை. பூ எல்லாம் பனிக்குள் போய்விட்டது, வாசனை மட்டும் இருக்கிறது. வெடி ஞாபகமாகவே இருந்ததால் மிளகைக் கட்டிவிடலாம் என்று கயிற்றை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். வந்தது. பாதி தூரத்தில் நின்றது. என் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தது. திரும்பி, கீழ்த்தோட்டத்துப் பக்கம் ஒரே ஓட்டம். பனி மூடிக்கொண்டது.

கூப்பிட்டேன். கூப்பிட்டுக்கொண்டே சரிவில் இறங்கினேன். என் குரல் எனக்கே நாலா பக்கமிருந்தும் திரும்பி வந்தது. அதில் பயம் ஏறிவிட்டது, எனக்கே கேட்டது. அந்தக் குரலுக்கு நானே போக மாட்டேன், நாய் எப்படி வரும்? கூப்பிட்டுக் கூப்பிட்டு ஒவ்வொரு நாளும் கட்டித்தானே போட்டேன். டாக்டரம்மா சொன்னாளே, கேட்டேனா.

சண்டை போட்டிருந்த அமலக்காதான் முதலில் ஓடிவந்தாள், பொறைப் பாக்கெட்டைச் சலசலவென்று ஆட்டிக்கொண்டு. "எங்கத்தா போச்சு? மிளகு, ச்சு ச்சு, இந்தா, வா." வரவில்லை. கட்டையனை நான்தான் சாக்கில் அள்ளினேன். அதே சாக்கு, அதே இடம் என்று என் கண்ணுக்குள் ஓடியது. தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது.

அப்போது கேட்டது. கிண் கிண். நிறுத்தி, மறுபடி கிண் கிண்.

"குதிரையா வருது இந்தப் பனியில?" என்றேன், சத்தமில்லாத வாயால்.

"கீழ்த்தோட்டத்துல குதிரைய வித்துப் போன வருசமே ஆட்டோ வாங்கியாச்சு" என்றாள் அமலக்கா.

கீழேயிருந்து சருகு நொறுங்குகிற சத்தம். பனியைக் கிழித்துக்கொண்டு மிளகு வந்தது. என் காலை உரசிக்கொண்டு, நான் ஒரு மரம் என்கிற மாதிரி, என்னைத் தாண்டி மேலே ஓடியது. நானும் பின்னால் ஓடினேன்.

களத்துமேட்டில் இவர் நின்றுகொண்டிருந்தார். மூக்கில் குழாய், கழுத்தில் துணி, ஒரு கையில் டம்ளர், ஒரு கையில் ஸ்பூன். மிளகு நேராக வந்து இவர் காலடியில் பொத்தென்று உட்கார்ந்தது, நான் கதவுக்குச் சொல்லிக் கொடுத்த அதே உட்காரல். இவர் தோளிலிருந்து தேங்காய்ப்பூத் துண்டை எடுத்து நீட்டினார். அது கிழிந்த ஓரத்தைக் கவ்வி இழுத்தது. இவரும் இழுத்தார். எத்தனை நாள் பழகின ஆட்டம் என்று பார்த்ததுமே தெரிந்தது. கயிற்றை அவிழ்த்த கையும் தெரிந்தது, எலியும் தெரிந்தது.

அமலக்கா என்னைப் பார்த்தாள். நான் நாயைப் பார்த்தேன்.

"இந்தக் குளிர்ல வெளிய வரலாமா?" என்று இவரைத் திட்டினேன். குரல் வரவில்லை. இரண்டு பேருக்கும் குரல் இல்லாமல், நடுவில் நாய் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. அப்புறம் அழுதேன். எழுதுவதில் என்ன வெட்கம், நன்றாகவே அழுதேன். இவர் துண்டின் மறுமுனையால் என் முகத்தைத் துடைத்தார். நாய் எச்சில்.

மார்ச் 30, ஞாயிறு

அமலக்கா வீட்டுக்குக் காப்பி பூத்த கிளை ஒன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். "பொறையாச்சும் கொண்டாந்திருக்கலாம்" என்றாள். பேச்சு ஒட்டிக்கொண்டது.

கயிற்றை அடுப்பில் போட்டுவிட்டேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

இவர் காலையிலும் மாலையிலும் களத்துமேட்டில் நடக்கிறார், முன்னால் மிளகு. இரண்டு தட்டுத் தட்டினால் வருகிறது, ஒன்று தட்டினால் உட்காருகிறது. நான் தோட்டத்துக்குப் போன மத்தியானங்களில் எல்லாம் நடந்த படிப்பு. கையில் ஒரு துணுக்குத் தீனி இல்லை, வாயில் ஒரு சொல் இல்லை. இதில் நான்தான் பழக்கினேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

"எனக்கு எத்தனை தட்டு?" என்று கேட்டேன், விளையாட்டாகத்தான். இவர் யோசித்தார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பூவைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பூ உதிர்ந்துவிட்டது. தரையெல்லாம் வெள்ளை பழுப்பாகிக் கிடக்கிறது. அடுத்த வாரம் மதுரை. ஆறியிருக்கும், ஆறாமலும் இருக்கும். அதைப் பற்றி இன்று எழுதப் போவதில்லை.

மத்தியானம் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். முன்னே 'சாப்பிட்டேன்' என்று எழுதினேனே, இத்தனை நாளும் இங்கேதான், நின்றபடி, மெல்லுகிற சத்தம் கேட்காமல். ரசம் சோறு, அவரைக்காய். மிளகு வழக்கம்போல மறுபக்கம் பார்த்துப் படுத்திருந்தது.

கிண் கிண் கிண்.

மிளகு தலையைத் தூக்கியது. எழுந்திருக்கவில்லை. என்னைப் பார்த்தது. மறுபடி கிண் கிண் கிண். அது தலையைக் கீழே போட்டுக்கொண்டது. தனக்கு இல்லை என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று.

தட்டை விறகின்மேல் வைத்து மூடிவிட்டு ஓடினேன். "என்னங்க, மூச்சு முட்டுதா? என்ன வேணும்?"

இவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இல்லை என்று தலையை ஆட்டினார். என் வலது கையைப் பிடித்துப் பார்த்தார். விரலில் ரசம் காயவில்லை. கொட்டகைப் பக்கம் கை காட்டினார். பிறகு கட்டிலுக்குப் பக்கத்துத் தரையைத் தட்டிக் காட்டினார். அந்த ஜன்னலிலிருந்து கொட்டகை தெரியும் என்று எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

"வேணாங்க. நீங்க இப்பிடி இருக்கையில நான் எப்பிடி ஒங்க முன்னாடி..." என்றேன்.

சிலேட்டை எடுத்தார். இரண்டு மாதமாக இருந்த 'வேண்டாம்' என்பதை உள்ளங்கையால் அழித்தார். 'இங்க சாப்பிடு' என்று எழுதினார்.

போய்த் தட்டை எடுத்து வந்தேன். தரையில் உட்கார்ந்தேன். முதல் கவளத்தை வாயில் வைத்தேன். இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஏக்கமாக இல்லை, தோட்டத்தில் ஆட்கள் சாப்பிட உட்கார்ந்தால் மேலே நின்று பார்ப்பாரே, அப்படி. இரண்டு விரலை நாக்கில் வைத்துக் காட்டினார். உப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்.

"உப்புத் தூக்கல்" என்றேன். "தாளிக்கவும் இல்ல. வாயில வைக்க வெளங்கல."

இவர் தோள் குலுங்கியது. நாளையிலிருந்து தாளிக்க வேண்டும்.

மிளகு உள்ளே வந்து கட்டிலுக்கடியில் படுத்தது. தட்டைத் திரும்பியும் பார்க்கவில்லை. நான் மெல்லுகிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. இரண்டாம் சோறும் போட்டுக்கொண்டு வந்து அங்கேயே சாப்பிட்டேன்.